நோர்தேர்ன் டான்சர்: புகழும் பதிவேடும்

எம்மவர் கூடும் இடங்களில், குறிப்பாகக் கலியாணப் பேச்சு நடக்கும் இடங்களில், ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுகிறது. "சாதி பார்க்கிறது பிழை எண்டு நீங்கள் எழுதுவியள். ஆனால் ஒரு குதிரைக்கே பரம்பரை பார்த்துத்தானே வெள்ளைக்காரன் காசு குடுக்கிறான்? எல்லாம் இரத்தத்தில இருக்குது." இதைச் சொல்பவர்கள் படியாதவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்கள், மேடைகளில் சமத்துவம் பேசுபவர்கள், சிலவேளை இப்படியான சஞ்சிகைகளின் சந்தாதாரர்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இந்த வாதத்துக்கு மறுமொழி சொல்லப்படாமலே தேநீர் குடித்து முடிகிறது. காரணம், குதிரையைப் பற்றி எமக்கு ஒன்றும் தெரியாது. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத் தூண்களையும், வெளியில் அலையும் குதிரைகளையும் கண்டவர்கள் எம்மிடையே இருக்கலாம். அதற்கப்பால் எமது அறிவு போவதில்லை.

நான் ஊரில் புள்ளிவிபரவியல் விரிவுரையாளனாக இருந்தவன். இங்கே வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் கரிபியன் நண்பர்கள் சிலர் இடைவேளையில் வூட்பைன் ஓடுகளத்தின் பந்தயத் தாளை விரித்துவைத்துக்கொண்டு இருப்பார்கள். அவர்களிடமிருந்தே எனக்கு இந்த விடயத்தில் அக்கறை வந்தது. ஒன்றைக் கவனித்தேன். கைக்காசைக் கட்டும் இந்த மனிதர்கள் இரத்தத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். கடைசி ஐந்து ஓட்டத்தில் எத்தனையாம் இடம், எந்தத் தூரம், புல்லா மண்ணா என்பதே அவர்கள் கேள்வி. இரத்தத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எதையும் கட்டாதவர்கள்.

எனவே குதிரையையே எடுத்துக்கொள்வோம். அதுவும் எமக்கு அயலிலே பிறந்து அயலிலே புதைக்கப்பட்ட குதிரையை. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பொலிகுதிரை என்று உலகெங்கும் சொல்லப்படும் நோர்தேர்ன் டான்சர் அது. (பொலிகுதிரை என்பது இனவிருத்திக்கென்று வைத்திருக்கும் ஆண்குதிரை, எமது ஊர்ப் பசுவுக்கு நாம்பன் எப்படியோ அப்படி.) அதன் புகழ் அதன் பதிவேட்டோடு பொருந்துகிறதா? இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. ஏனெனில் அந்தப் புகழ் ஒன்றல்ல, மூன்று. ஓடிய குதிரையின் புகழ், தந்தைக் குதிரையின் புகழ், இரத்தத்தின் புகழ். மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதிலேதான் மயக்கம் தொடங்குகிறது.

1. ஓடிய குதிரை

1961 மே 27 அன்று ஒஷாவாவில் ஈ. பி. ரெய்லரின் பண்ணையில் இக்குதிரை பிறந்தது. ரெய்லர் மதுபான ஆலைகளின் அதிபர். டொன் மில்ஸ் குடியிருப்பை உருவாக்கியவரும், 1956இல் புதிய வூட்பைன் ஓடுகளத்தைத் திறப்பித்தவரும் அவரே. 1962இல் தமது ஒருவயதுக் குட்டிகளை அவர் விலை குறித்து விற்பனைக்கு விட்டார். இந்தக் குட்டிக்குக் குறித்த விலை 25,000 டொலர். ஒருவரும் வாங்கவில்லை. குட்டி கட்டையாக இருந்தது, பிந்திப் பிறந்ததும்கூட. இதன் வம்சாவளித் தாள் அன்று வந்தவர்கள் அத்தனை பேரின் கையிலும் இருந்தது என்பதை வாசகர் மனதிற் கொள்ள வேண்டும். பின்னாளில் கோடிக்கணக்கில் விலைபோன அதே இரத்தம் அன்று 25,000 டொலருக்குப் பெறுமதி இல்லாததாய் இருந்தது.

பின்னர் அது ஓடியது. 18 ஓட்டங்களில் 14 வெற்றி, இரண்டு இரண்டாம் இடம், இரண்டு மூன்றாம் இடம். ஒரு தடவைகூட மூன்றாம் இடத்துக்குக் கீழே போகவில்லை. 1964இல் கென்ரக்கி டேர்பியை இரண்டே நிமிடத்தில் ஓடி வென்றது. கனடாவில் பிறந்த குதிரையொன்று அதனை வென்றது அதுவே முதற்தடவை. அந்த நேரச் சாதனையை 1973இல் செக்ரற்றேரியற் முறியடிக்கும்வரை எந்தக் குதிரையும் தாண்டவில்லை. இரண்டு கிழமையின் பின் பிரீக்னெஸையும் வென்றது. பெல்மொன்ற்றில் தோற்று மூன்றாவதாக வந்தது. ஊருக்குத் திரும்பி வூட்பைனில் குயின்ஸ் பிளேற்றை (2023 முதல் இது கிங்ஸ் பிளேற்) வென்றது. அதன்பின் கால் நரம்பு பாதிக்கப்பட்டு ஓட்டத்தை நிறுத்தியது.

அது கொடிக்காக இந்த நாடு விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டு. 1965இல் மேப்பிள் இலைக் கொடி வந்தது. தன்னை அமெரிக்காவிலிருந்து வேறாகக் காட்ட விரும்பிய ஒரு நாட்டுக்கு, அமெரிக்கரின் பெரிய குதிரைகளை வென்ற கட்டைக் குதிரை ஒன்று தேவையாய் இருந்தது. ஆகவே இப்புகழில் தேசியத்தின் பங்கும் உண்டு. எனினும் அதைக் கழித்துப் பார்த்தாலும் 18க்கு 14 என்பது 18க்கு 14தான். இங்கே புகழும் பதிவேடும் பொருந்துகின்றன.

2. தந்தைக் குதிரை

1965இல் ஒஷாவாவிலேயே 10,000 டொலர் கட்டணத்துக்கு அதனைப் பொலிக்கு விட்டார்கள். 1968இன் இறுதியில் மேரிலண்ட் பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். 1987இல் ஓய்வு கொடுத்தார்கள். இந்தக் காலத்தில் பெயரிடப்பட்ட அதன் குட்டிகள் ஏறத்தாழ 645. அவற்றுள் 147 'ஸ்ரேக்ஸ்' எனப்படும் மேல்நிலைப் பந்தயங்களில் வென்றன. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 23. இந்த இனத்துக் குதிரைகளின் பொதுச் சராசரி நூற்றுக்கு 3 அளவில்தான் இருக்கிறது. ஏழு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் இது.

இன்று சிலர் எண்ணிக்கையைக் காட்டி வேறு குதிரைகளை இதற்கு மேலே வைக்கிறார்கள். இதன் பேரன் டேன்ஹில் ஏறத்தாழ 350 மேல்நிலை வெற்றியாளரைத் தந்தது உண்மை. ஆனால் அந்தக் குதிரை வட அரைக்கோளத்திலும் தென் அரைக்கோளத்திலும் மாறி மாறிப் பொலிக்கு விடப்பட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குட்டிகளைப் பெற்றது. நோர்தேர்ன் டான்சருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக முப்பது குட்டிகூட இல்லை. மேலே உள்ள எண்ணை மாத்திரம் வாசித்துக் கீழே உள்ள எண்ணை வாசிக்காமல் விடுவது முதலாம் வருட மாணவருக்கே மன்னிக்கப்படாத பிழை.

இதற்கு எதிராக இரண்டு நியாயமான ஆட்சேபங்கள் உண்டு.

முதலாவது: பெயர் வந்த குதிரைக்குச் சிறந்த பெட்டைக் குதிரைகளையே கொண்டுவருவார்கள்; வெற்றி தாயினுடையதா தகப்பனுடையதா என்று எப்படிப் பிரிப்பது? வலுவான ஆட்சேபம். 1970இன் பின் பிறந்த குட்டிகளுக்கு இது முற்றாகப் பொருந்தும். ஆனால் 1966இல் பிறந்த முதல் தொகுதியைப் பாருங்கள். அப்போது அதற்குத் தந்தை என்ற பெயரே இல்லை. 21 குட்டிகள்; 10 மேல்நிலை வெற்றியாளர். அவற்றுள் ஒன்றான வைஸ்ரீகல் 1968இல், இரண்டு வயதிலேயே, கனடாவின் ஆண்டுக் குதிரையாகத் தெரிவாயிற்று. இந்தத் தொகுதி இல்லாவிட்டால் ஆட்சேபத்தை நான் ஏற்றிருப்பேன்.

இரண்டாவது: தான் பிறந்த கண்டத்தில் அது அவ்வளவு பெரிய தந்தை அல்ல. இதைச் சொன்னால் கனடியர் கோபிக்கிறார்கள். ஆனால் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. வட அமெரிக்கத் தந்தைக் குதிரைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது ஒரே ஒரு தடவை, 1971இல். தான் வென்ற கென்ரக்கி டேர்பியை அதன் குட்டிகளில் ஒன்றுகூட வெல்லவில்லை. பிரித்தானிய, ஐரிஷ் பட்டியலிலோ 1970, 1977, 1983, 1984 என நான்கு தடவை முதலிடம். இங்கிலாந்தின் எப்சம் டேர்பியை அதன் மூன்று மகன்கள் வென்றன: 1970இல் நிஜின்ஸ்கி, 1977இல் த மின்ஸ்ரல், 1984இல் செக்ரெற்றோ. இவற்றுள் நிஜின்ஸ்கியை ஐரிஷ் பயிற்றுநர் வின்சென்ற் ஓ'பிறையன் தெரிந்தெடுக்க, 84,000 டொலருக்கு அது வாங்கப்பட்டது. 1935இன் பின் இங்கிலாந்தின் முப்பெரும் பந்தயங்களையும் வென்ற முதற்குதிரை அதுதான். அதன்பின் இன்றுவரை வேறொன்றில்லை. தகப்பன் மண்ணில் ஓடி வென்றது. பிள்ளைகள் கடல் கடந்து புல்லில் ஓடி வென்றன. ஆகவே 'உலகின் தலைசிறந்த தந்தை' என்பதை 'ஐரோப்பியப் புல்வெளிப் பந்தயத்தின் தலைசிறந்த தந்தை' என்று திருத்தி எழுதினால் பதிவேடு அதனைத் தாங்கும்.

இந்தத் திருத்தத்தோடு இரண்டாவது புகழையும் ஏற்றுக்கொள்கிறேன்.

3. விலை

மூன்றாவது புகழுக்கு வருவோம். அது குதிரையின் புகழ் அல்ல, அதன் இரத்தத்தின் புகழ். அதனை அளக்க எமக்குக் கிடைக்கும் முதற் கருவி ஏல விலை.

1980களில் இக்குதிரையின் ஒரு சேர்க்கைக்குப் பத்து லட்சம் டொலர் வரை கேட்டார்கள். அதுவும் குட்டி பிறக்கும் என்ற உத்தரவாதமில்லாமல். 1984இல் கென்ரக்கியின் கீன்லண்ட் யூலை ஏலத்தில் அதன் 12 குட்டிகள் சராசரி 34 லட்சம் டொலருக்கு மேல் விலைபோயின. அதற்கு முதல் ஆண்டு அதே ஏலத்தில் அதன் மகன் ஒன்றை டுபாயின் ஷேக் முகம்மது 1 கோடி 2 லட்சம் டொலருக்கு வாங்கினார். உலகில் ஒருவயதுக் குட்டி ஒன்று ஒரு கோடியைத் தாண்டியது அதுவே முதற்தடவை. ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. சரி, இரத்தமாவது இருக்கிறதே என்று பொலிக்கு விட்டார்கள். கருவள மிகக் குறைவு. மொத்தம் நான்கு குட்டிகள்.

1985இல் நிஜின்ஸ்கியின் மகன் சியாற்றில் டான்சர் 1 கோடி 31 லட்சம். அது வென்றது இரண்டே பந்தயங்கள். 2006இல் புளோரிடாவில் நோர்தேர்ன் டான்சரின் வழிவந்த த கிறீன் மங்கி 1 கோடி 60 லட்சம். மூன்று தடவை ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை, சம்பாத்தியம் 10,440 டொலர்.

இவை விதிவிலக்குகள் என்று சொல்லலாம். சராசரியை விதிவிலக்குகளால் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே சராசரியே என் பக்கம் இருக்கிறது. நூற்றுக்கு 23 என்பதன் மறுபக்கம் நூற்றுக்கு 77. வரலாற்றின் மிகச் சிறந்த தந்தைக்குப் பிறந்த 645இல் ஏறத்தாழ 500 குட்டிகள் ஒரு மேல்நிலைப் பந்தயத்தையும் வெல்லவில்லை. தாயும் தகப்பனும் தெரிந்தெடுக்கப்பட்டு, உணவும் வைத்தியமும் பயிற்சியும் குறைவின்றிக் கொடுக்கப்பட்ட பின்னும் நிலைமை இதுதான். தகப்பன் பெயர் ஒரு சாத்தியக்கூற்றைக் கூட்டுகிறது. ஏலத்தில் விற்றது சாத்தியக்கூறு அல்ல, நிச்சயம்.

4. இரத்தம்

இரத்தக் கட்சியினர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "பேரப்பிள்ளைகளைப் பாருங்கள்." பார்ப்போம். அதன் மகன் சாட்லர்ஸ் வெல்ஸ் பிரித்தானிய, ஐரிஷ் பட்டியலில் 14 தடவை முதலிடம். அதன் மகன் கலிலியோ 12 தடவை. மறுக்க முடியாத பதிவு. ஆனால் இதிலிருந்து "இன்று வெல்லும் குதிரை எல்லாம் நோர்தேர்ன் டான்சரின் இரத்தம்" என்ற கூற்றுக்குத் தாவுகிறார்கள். அந்தத் தாவலில்தான் விழுகிறார்கள்.

2020இல் அயர்லாந்து ஆய்வாளர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளின் மரபணுவையும் வம்சாவளியையும் ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, அவற்றுள் 97 சதவீதத்தின் முன்னோரில் நோர்தேர்ன் டான்சர் இருக்கிறது. வெல்லும் குதிரை அதன் வழிவந்தது என்பது உண்மையே. ஆனால் இரண்டாவதாக வந்ததும் அதன் வழி. கடைசியாக வந்ததும் அதன் வழி. வாசலை விட்டு வெளிக்கிடாமல் நின்றதும் அதன் வழி. எல்லோரிடமும் இருக்கும் ஒன்று எவருடைய வெற்றிக்கும் விளக்கமாகாது. ஒரு வகுப்பில் சித்தியடைந்தவர்கள் எல்லோரும் சோறு சாப்பிட்டவர்கள் என்று கண்டுபிடிப்பதற்கு இது சமம்.

அதே ஆய்வு உள்ளினப்பெருக்கம் கூடிக்கொண்டு போவதையும் காட்டியது. அந்த ஆண்டே அமெரிக்க ஜொக்கி கழகம் ஒரு பொலிகுதிரைக்கு ஆண்டுக்கு 140 பெட்டைக்கு மேல் சேர்க்கக் கூடாதென்று விதி கொண்டுவந்தது. பணம் போட்டவர்கள் எதிர்த்து வழக்காட, 2022இல் விதியைக் கைவிட்டது. தூய இரத்தத்தைத் தேடி ஒரே இரத்தத்துக்குள் சுழல்வது இனத்தையே பலவீனப்படுத்துமோ என்ற அச்சம் வளர்ப்பவர்களிடமே இருக்கிறது. சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் சுழல்பவர்கள் குதிரையை உதாரணம் காட்டும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இன்னுமொன்று. இந்தப் 'பரம்பரை' எப்போதும் ஆண்வழியிலேயே சொல்லப்படுகிறது. நோர்தேர்ன் டான்சரின் தாய் நற்றால்மா. அதன் தாய் அல்மஹ்மூட். இதே அல்மஹ்மூட்டின் இன்னொரு மகளான கொஸ்மாவுக்குப் பிறந்தது ஹேலோ. ஹேலோவின் மகன் சண்டே சைலன்ஸ் ஜப்பானியக் குதிரைப் பந்தயத்தையே மாற்றியமைத்தது. இரண்டு பெரும் 'தந்தைவழி'களுக்கும் பின்னால் ஒரே கிழவி நிற்கிறாள். நிஜின்ஸ்கியின் தாய் ஃபிளேமிங் பேஜ் 1962இல் தானே குயின்ஸ் பிளேற்றை வென்றவள். 1973இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரற்றேரியற்றைப் பலர் தோற்றுப்போன தந்தை என்றார்கள். அதன் மகள்களின் பிள்ளைகள் வெல்லத் தொடங்கியபின் அந்த வாய் அடங்கிற்று. புகழ் எழுதப்படும் முறையே பாதி ஆதாரத்தை மறைக்கிறது. எமது குடும்பங்களிலும் 'இன்னாரின் பரம்பரை' என்று சொல்லப்படும்போது அந்த இன்னார் பெண்ணாக இருந்து நான் கேட்டதில்லை.

எமது துறையில் 'பின்னடைவு' என்ற கருத்தைத் தந்தவர் பிரான்சிஸ் கால்ற்றன். உயரமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள் என்று 1886இல் அளந்து காட்டினார். அதற்கு மூன்றாண்டு முன் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை, மனித இனத்தைத் தெரிந்தெடுத்து வளர்க்கும் கொள்கைக்கு, உருவாக்கியவரும் அவரே. தனது அளவீடு தனது கொள்கையை எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதை அவர் காண விரும்பவில்லை. அந்தக் கொள்கை இருபதாம் நூற்றாண்டில் எங்கே போய் முடிந்தது என்று வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை.

5. இரண்டு புத்தகங்கள்

இனி எம்மவரின் வாதத்துக்குத் திரும்புவோம். அதன் ஓட்டை இரத்தம் உண்டா இல்லையா என்பதில் இல்லை. மரபணு உண்டு, குணங்கள் ஓரளவு கடத்தப்படுகின்றன, அதை மறுப்பது முற்போக்கு அல்ல, அறியாமை. ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

குதிரை உலகத்தில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று எந்தக் குதிரை எங்கே ஓடி எத்தனையாவதாக வந்தது என்று எழுதும் பந்தயப் பதிவேடு; இங்கிலாந்தில் ஜோன் செனி 1727இலேயே அச்சிடத் தொடங்கிவிட்டார். மற்றது எதற்கு எது பிறந்தது என்று எழுதும் வம்சாவளிப் புத்தகம். அது 1791இல்தான் வந்தது. ஓடிய பதிவு முதலில், பரம்பரை பின்னால். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி ஓடிக்காட்ட வேண்டும். நோர்தேர்ன் டான்சரின் மகன் என்பதற்காக ஸ்னாஃபி டான்சருக்கு ஒரு கிண்ணமும் கொடுக்கப்படவில்லை. விலைதான் கொடுக்கப்பட்டது. விலை கொடுத்தவர் நட்டப்பட்டார்.

எமது சமூகத்திடம் இரண்டாவது புத்தகம் மாத்திரமே இருக்கிறது. முதலாவது எழுதப்படவே இல்லை. எழுதப்பட விடப்படவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒருசாராரைப் பள்ளிக்கூட வாங்கில் இருத்தாமல் நிலத்தில் இருத்தினோம். கோயிலிலும் தேநீர்க்கடையிலும் தடுப்பது குற்றமென்று 1957இல் சட்டம் வந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறித்தோம். ஓடுகளத்தின் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே தனியே ஓடியவன் முதலாவதாக வந்தான் என்று பெருமைப்படுவதற்குப் பெயர் பரம்பரை அல்ல. எந்தப் பந்தயக் குழுவும் அப்படியான ஓட்டத்தைப் பதிவதில்லை.

இந்த நாட்டில் எம்மில் பலருக்கு முதற்புத்தகத்தில் பெயரே இல்லை. ஊரில் படிப்பித்தது, எழுதியது, நிர்வகித்தது எதுவும் இங்கே பதிவேட்டில் ஏறவில்லை. அதனால் இரண்டாவது புத்தகத்தை இறுகப் பிடிக்கிறோம் என்று நினைக்கிறேன். அதன் மனநிலை எனக்கு விளங்குகிறது. நானும் அந்தத் தொழிற்சாலை வரிசையில்தான் நிற்கிறேன். ஆனால் எமது ஓட்டத்தை இந்த நாடு எண்ணவில்லை என்று முறையிடுபவர்கள், தமது பிள்ளை விரும்பிய பெடியனின் ஓட்டத்தை எண்ணாமல் அவன் தகப்பனின் தகப்பனை விசாரிப்பது எந்த நியாயம்?

நோர்தேர்ன் டான்சர் 1990 நவம்பர் 16 அன்று மேரிலண்டில் இறந்தது. உடலை ஒஷாவாவுக்குக் கொண்டுவந்து பிறந்த பண்ணையிலேயே புதைத்தார்கள். 2009இல் பண்ணை மூடப்பட்டது. அந்தப் பக்கம் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்களும் புதிய வீடுகளும் கடைகளும் எழுந்திருக்கின்றன. அந்த வீடுகளில் குடியேறுபவர்கள் எந்தப் பரம்பரை என்று அங்கே விற்பவன் கேட்பதில்லை.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதலாம். ஒரு நிபந்தனை: குதிரையைக் கொண்டுவருபவர்கள் அதன் பந்தயப் பதிவேட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.